மணி பிளான்ட் இருந்த சுவர்

மகள் தாட்சாயணி தன் விருப்பப்படி மணம் முடித்துப் போன அன்றே தணிகாசலம் கூடத்துச் சுவரிலிருந்த அவள் படத்தைக் கழற்றிவிட்டார். படம் இருந்த சதுரம் மட்டும் சாயம் மங்காமல் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க, அதே ஆணியில் கயிறு கட்டி ஒரு மணி பிளான்ட் கொடியைப் படரவிட்டார். அவள் விட்டுப்போன நாயை அவர் விரட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த வீட்டில் அவர் பின்னால் நடக்க அது ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் நாய் எச்சில் ஒழுக, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு சோறு தொடாமல் கிடந்தது. “மணி பிளான்ட் இலையக் கடிச்சிருக்கு, ஐயா. நாய்க்கு அது விஷம். உதிர்ந்த இலைகூட வீட்டுல கிடக்கக் கூடாது” என்றார் கால்நடை மருத்துவர். வீட்டுக்கு வந்த கையோடு கொடியை வேரோடு பிடுங்கி வெளியே எறிந்தார் தணிகாசலம்.

மாலையில் தம்பி கங்காதரன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னண்ணே, கூடத்துல புதுசா சன்னல் வச்சிருக்கீங்க?”

“படத்தோட கண்ணாடி விரிஞ்சிருச்சு. மாத்தக் குடுத்திருக்கேன்” என்றார் அவர், நிமிர்ந்த முதுகு வளையாமல்.

கங்காதரன் சிரிப்பை விட்டுவிட்டுப் பத்திரிகையை நீட்டினான். அண்ணன் சொன்ன சொல் தவறியதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

அவன் போனபின் தணிகாசலம் அலமாரிக்குப் பின்னாலிருந்த படத்தை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நாய் எழுந்து வந்து படத்தை முகர்ந்தது. கொடியைத் தாங்கிய கயிறு இன்னும் அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.