பத்து விநாடிக்குக் கீழே

"இன்னும் ஏத்துடா ராய்ஸ்."

"அண்ணி, இதுக்கு மேல காத்தைத் திணிச்சா என்ஜின் வெடிச்சுக் கையில வந்துடும்!"

"வெடிச்சா வெடிக்கட்டும். இன்னைக்கு இந்த வண்டி கால் மைலைப் பத்து விநாடிக்குக் கீழே ஓடியே ஆகணும். இன்னொரு சனிக்கிழமையை என்னால தாங்க முடியாது."

ஓக்லஹோமா வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெர்னா கோலா பாட்டில்களுக்கு நடுவிலிருந்த ஐஸ் மூட்டையை உருவி, கொதிக்கிற காற்றுக் குழாய்மேல் அப்படியே கவிழ்த்தாள். காற்று குளிர்ந்தால் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் வலு கிடைக்கும்.

ராய்ஸ் அவள் புருஷன் டெல்பர்ட்டின் தம்பி. ஊரில் நல்ல மெக்கானிக். அண்ணனின் பழைய பிக்கப் டிரக்கில் மூன்று வாரம் மல்லுக்கட்டி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை மாட்டியவன் அவன்தான். ஆனால் மாட்டச் சொன்னதும், அம்மா விட்டுப்போன பியானோவை விற்று அதை வாங்கி வந்து போட்டதும் வெர்னா.

அதுதான் ராய்ஸுக்குப் புரியவே இல்லை. மார்ச் மாதம் டெல்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தான். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், "ரேஸை விட்டுடுங்க. இல்லேன்னா ஒருநாள் ஸ்டியரிங்லயே போயிடுவீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கேட்கிற ஜென்மமா அது? அன்றிலிருந்து டாக்டர் இருக்கிற பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. வெர்னா சாவியை ஒளித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள். சனிக்கிழமை ஆனால் ஆசாமி ரேஸ் திடலில் ஹெல்மெட்டோடு நிற்பான்.

"அண்ணனைக் கொல்றதுக்கு நாமளே கத்தி தீட்டுறோம் அண்ணி."

"உன் அண்ணன் பலகையில ஒன்பதைப் பார்க்காம அடங்க மாட்டான்டா. பார்த்துட்டா அடங்கிடுவான். என்னை நம்பு."

இன்று இரண்டு முறை ஓடியாகிவிட்டது. முதலில் 10.21, அடுத்தது 10.07. பாக்கி இருப்பது ஒரே ஓட்டம். பக்கத்து வண்டிக்காரன் வேறு, "என்ன டெல்பர்ட், டர்போன்னு சொல்லி ஹேர் டிரையரை மாட்டிட்டானா உன் தம்பி?" என்று வெறுப்பேற்றினான்.

வெர்னா சுற்றும் முற்றும் பார்த்தாள். இந்தத் திடலின் பதிவு ஜன்னலில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். இங்கே ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் ஜாதகமும் அவளுக்கு அத்துப்படி. இன்று அந்த வேலையை வேறொருத்தி தலையில் கட்டிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு நிற்கிறாள்.

"பின்கதவைக் கழட்டு. பக்கத்து சீட்டையும் தூக்கு. எடை குறையட்டும்."

"நீங்க சொன்னா சரி. எதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல," என்று புலம்பியபடி ராய்ஸ் ஸ்பேனரை எடுத்தான்.

டெல்பர்ட் கோட்டில் வந்து நின்றான். விளக்கு பச்சையாக மாறியதும் டிரக் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வெர்னா பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. பலகையில் 9.96.

ஆனால் கால் மைலுக்கு அப்பால் போய் நின்ற டிரக் திரும்பி வரவில்லை. கதவும் திறக்கவில்லை. டெல்பர்ட்டின் தலை ஸ்டியரிங்மேல் கவிழ்ந்திருந்தது.

"ஐயோ, கொன்னுட்டேனே!" வெர்னா ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போனது. விழுந்து, முழங்கால் சிராய்த்து, எழுந்து மறுபடி ஓடினாள்.

கதவைப் பிய்த்துத் திறந்தபோது டெல்பர்ட் நிமிர்ந்தான். குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். "ஒன்பது, வெர்னா! முப்பது வருஷக் கனவு! உன்னாலதான்டி!" என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவளும் விம்மி விம்மி அழுதாள்.

ராய்ஸும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே, கையில் ஒரு படிவத்தோடு திடல் கண்காணிப்பாளர் ஹோமர் வந்தார்.

"கையைக் குடு டெல்பர்ட்! பத்துக்குக் கீழே ஓடிட்டே. இனிமே ரேஸ் லைசென்ஸ் இல்லாம உன்னைக் கோட்டுல விட மாட்டேன். இந்தா, எழுதிக் குடு."

"இவ்வளவுதானா? ஜன்னல்ல உட்கார்ந்திருக்கிறதே என் பொண்டாட்டி. இப்பவே எழுதிடுவா," என்று டெல்பர்ட் சிரித்தான்.

"முதல் பக்கத்தை அவங்க எழுதலாம். ரெண்டாம் பக்கம் டாக்டர் எழுதணும். நெஞ்சைச் சோதிச்சுப் பார்த்து, இவர் ஓட்டலாம்னு கையெழுத்துப் போடணும்."

டெல்பர்ட்டின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"விடுண்ணே, டர்போவைக் கழட்டிடறேன். பழையபடி பத்தரையில ஓட்டு. அதுக்கு லைசென்ஸும் வேணாம், டாக்டரும் வேணாம்," என்றான் ராய்ஸ்.

"ஒன்பதுல ஓடினவன் பத்தரையில ஓடுறதா? திடலே கைகொட்டிச் சிரிக்கும்டா! அதுக்கு வண்டியை வித்துத் தொலைச்சுடுவேன்!" ஹெல்மெட்டை வீசி எறிந்தான் டெல்பர்ட். பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"ஏன்டி, இருபது வருஷமா இந்தப் படிவத்தை நீதானே எடுத்துக் குடுக்கறே. ரெண்டாம் பக்கம் ஒண்ணு இருக்கிறது உனக்குத் தெரியாதா?"

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாமலா டர்போ வாங்கிக் குடுத்தேன்?"