வரிசைக்குக் குறுக்கே ஒரு தென்னை

"அந்தத் தெங்கை மட்டும் விட்டுரு மக்கா. வேற எங்க வேணும்னாலும் குழி எடுங்க."

உலகம்மை மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். மகன் வினீத் காதில் போட்டுக்கொண்டால்தானே!

கழக்கூட்டத்து ஐ.டி. நண்பர்கள் எல்லோரும் பச்சை டீ-ஷர்ட்டில் மரம் நட வந்திருந்தார்கள். அப்பா வாழ்ந்த பழைய வீட்டை இடித்து, அது நின்ற பறம்பு நிலத்தை ஊருக்குப் பொதுத் தோட்டமாகக் கொடுத்திருந்தான் வினீத். வாசலில் 'பகவதிப்பெருமாள் நினைவுப் பழத்தோட்டம்' என்று மலையாளத்தில் பலகை. செத்துப்போன அப்பாவுக்கு மகனின் மரியாதையாம்.

"அம்மா, கயிறு பிடிச்சு வரிசை போட்டிருக்கோம். இந்தக் காய்க்காத தெங்கு குறுக்க நிக்கில்லா?"

"காய்க்கும் மக்கா. அடுத்த வருஷம் பாளை விடும். அது ஏன் அங்க நிக்குன்னு ஒரு வார்த்தை கேளேன்."

"பொறவு கேக்கேன். ஆளெல்லாம் வெயில்ல நிக்காவ."

இத்தனை பேர் முன்னால் தானாகச் சொல்ல உலகம்மைக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளை கேட்க வேண்டாமா?

"சங்கடப்படாதீங்க ஆன்டி, அங்க நல்ல ரம்புட்டான் வைக்கலாம்" என்று வினீத்தோடு வேலை பார்க்கும் ஆர்யா அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"எடே, கோடையெல்லாம் குடத்துல தண்ணி சுமந்து ஊத்தி வளத்தேன்டே!"

"இனி சுமக்க வேண்டாம். மோட்டார் போட்டாச்சு" என்று சிரித்தான் வினீத்.

கோடாலி விழுந்தது. இளம் தென்னை, சீக்கிரமே சாய்ந்துவிட்டது. கைதட்டினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். பாவிகள்! உலகம்மை அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வினீத் ரம்புட்டான் கன்றை இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"அம்மா, மொத மரத்த அப்பாவ எரிச்ச எடத்துல வைக்கணும்னு ஆசை. இந்தப் பறம்புலதானே எரிச்சீங்க? அப்ப ஆபீஸ்ல லீவு கெடைக்காம அமெரிக்காவுலயே இருந்துட்டேன். எந்த எடம்னு காட்டும்மா."

உலகம்மை வெட்டுப்பட்ட தென்னையின் அடிமூட்டின்மேல் கை வைத்தாள்.

"சாம்பல் அள்ளுன எடத்துல மகன் தென்னம்பிள்ளை வைக்கணும்னு இந்த ஊர்ல சொன்னாவ. நீ வரல்ல. நான்தான் வச்சேன்."