நாலரை மணி செட்டிங்

தண்டபாணியின் வீட்டில் மின்விசிறி முதல் கட்டில் வரை எல்லாவற்றையும் ஒரு மென்பொருள்தான் மேய்த்தது. அதற்குத் தெரிந்த ஒரே மனிதப்பிறவி தண்டபாணி. அவருக்குப் பதினெட்டு டிகிரி குளிர் என்றால் மனைவி செண்பகவல்லிக்கும் அதே குளிர்தான். அவள் வருஷக்கணக்காக இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அவள் புகார் கொடுக்க, கம்பெனியிலிருந்து ஃபெலிக்ஸ் வந்து சரிசெய்தான்.

"இனி ஆளுக்கொரு செட்டிங்குங்க அம்மா. நீங்களா மாத்தாத வரைக்கும், உங்களுக்குன்னு கம்பெனி வெச்சது ஓடும்."

மறுநாள் விடிகாலை நாலரைக்குக் கட்டில் அவள் பக்கம் மட்டும் குலுங்கியது. சமையலறையில் விளக்கு எரிய, அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு பால்பாத்திரத்துக்குக் காத்திருந்தது. சுவர்த்திரையில் அவள் பெயருக்கு நேரே 'இல்லத்தரசி' என்றிருந்தது. தண்டபாணிக்கு நேரே 'குடும்பத்தலைவர்'. இதை எழுதிய மகானின் வீட்டில் காபி போடுவது யாரென்று கேட்கவே வேண்டாம்.

எட்டு மணிக்கு எழுந்து வந்த கணவரிடம் முறையிட்டாள். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றார்.

செண்பகவல்லி நேரே சுவர்த்திரைக்குப் போனாள். திரையில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினாள்.

அடுத்த நாள் நாலரைக்குக் குலுங்கி எழுந்த தண்டபாணி, ஐந்து மணிக்குள் ஃபெலிக்ஸை ஏழு தடவை அழைத்துவிட்டார். "வீடே பழுதாகிப் போச்சு! ஒடனே வாப்பா!"

அலறியடித்துக்கொண்டு வந்தவன் எல்லாவற்றையும் சோதித்தான். "பழுது ஒண்ணுமில்லீங்களே. நேத்து ஓடுன அதே செட்டிங்தானுங்க."

எட்டு மணிக்குக் கொட்டாவி விட்டபடி வந்த செண்பகவல்லி கையை நீட்டினாள்.

"நல்லாத்தானுங்க வேலை செய்யுது. காபி எங்கேங்க?"