ஓணான்வால் கழுதை

மெக்சிகோவில் ஒரு மரச்சிற்பக் கடை. அங்கே மிருகங்களின் காது, கொம்பு, இறக்கை, வால் எல்லாவற்றையும் தனியே செதுக்கித் துளைகளில் செருகுவது வழக்கம். வெகுநாளாக விலைபோகாத ஒரு மரக்கழுதைக்கு, இன்றும் யாரும் வாங்காவிட்டால் அடுப்புக்கு விறகாகிவிடுவோமே என்று பயம்.

“ஓணான் அக்கா, உன் புள்ளிபோட்ட வாலைக் கொஞ்சம் கொடேன்.”

“உன் மூஞ்சிக்கு என் வாலா?” என்று சிரித்தபடியே வாலை உருவிக் கழுதைக்குச் செருகிவிட்டது ஓணான். அதோடு விடாமல், காதுகளைக் கழற்றிவிட்டுச் சேவலின் இறக்கைகளையும் அங்கே மாட்டியது.

கடைக்கு வந்த பெண்மணி, “அடடா, இப்படியும் ஒரு பிராணியா!” என்று சொக்கிப்போய்க் கழுதையை வாங்கிக்கொண்டாள்.

அவள் பையிலிருந்து கழுதை எட்டிப் பார்த்தது. கடைக்குள் ஒன்றன் உறுப்பை இன்னொன்று பிடுங்கி மாட்டிக்கொள்ளும் அமளி. வாலை இழந்த ஓணான் மாட்டின் கொம்பைப் பின்னால் செருகிக்கொண்டிருந்தது. பாம்பு மட்டும் மூலையில் அழுதது: “என்னைச் செதுக்கிய பாவி மனுஷன், எனக்கு ஒரு துளைகூடப் போடவில்லையே!”