துணைக்கு ஒருத்தி

குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் தன் ஈரப் பாயைக் கழுவிக்கொண்டிருந்தாள் லூசியம்மாள். வாளியோடு வரிசையில் நின்ற அவள் கணவன் தனசீலனுக்குத் தலை நிமிரவில்லை.

"ஏய்யா தனசீலா, மக நனைச்சது போதாதுன்னு புதுப் பொண்டாட்டியுமா?" என்று பக்கத்துக் கோலியில் குடியிருந்த முப்பிடாதியம்மாள் கேட்டாள். வரிசையே சிரித்தது. லூசியம்மாள் மட்டும், "ஆமாக்கா, எம் பாய்தான்," என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் பாயை உதறினாள்.

தாயில்லாத ஆறு வயது மரியபுஷ்பத்துக்கு தூக்கத்தில் பாயை நனைக்கும் பழக்கம் இருப்பது தாராவியில் அந்தச் சந்துக்கே தெரியும். ஈரத் துணியோடு அவளை வாசலில் நிறுத்தி ஊருக்குத் தெரிய வைத்தவன் தனசீலன்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமென்றே மறுமணம் செய்தான். வந்தவளுக்கும் அதே கோளாறு. கோயிலில் முழங்காலில் நின்றபோதுகூட ஆண்டவரிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

லூசியம்மாள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் சொம்புத் தண்ணீர் விடியும்போது காலியாக இருக்கும். இவ்வளவு குடித்தால் வேறென்ன ஆகும் என்று எரிந்து விழுந்தான்.

பொதுக் கக்கூசுக்குப் பெண்கள் துணையில்லாமல் போகிற வழக்கம் அங்கே கிடையாது. லூசியம்மாள் துணைக்குக் கூப்பிட்டது மரியபுஷ்பத்தைத்தான். படுக்கப் போகும் முன்பும், நடுவில் எழுந்தும், அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பெரிய மனுஷிபோல முன்னால் நடப்பாள் சிறுமி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தனசீலன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"துணிமணிய எடுத்து வை. குர்லாவுல ஒங்க அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுருதேன். என்னால வெளிய தல காட்ட முடியல."

லூசியம்மாள் அழவில்லை. அழுதது மரியபுஷ்பம்தான். ஓடி வந்து சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்திய அனுப்பாதீங்கப்பா. எனக்குச் சரியாப் போச்சுல்லா? சித்திக்கும் சரியாப் போயிரும். நாந்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போறேம்லா."

தனசீலன் அப்போதுதான் மகளின் பாயைப் பார்த்தான். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அது காய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் நேற்றும் அப்படித்தான் இருந்தது, போன வாரமும். அவள் குனிந்த தலையோடு வாசலில் நின்றே எத்தனையோ நாளாகிவிட்டது. மனைவியால் வந்த அவமானத்தில் மகளைக் கவனிக்கவே தவறியிருந்தான்.

லூசியம்மாள் சிறுமியின் கண்ணைத் துடைத்து, முகம் கழுவிவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினாள். அவள் தூரப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அவளுக்கு நின்னுட்டு. இனிமே நானும் பாய நனைக்க வேண்டாம்."