தண்ணி டொக்டர்

“குளம் அரைவாசி நிறைய முந்தியே வான் பாய்ஞ்சி தண்ணி வெளியாகுது தம்பி. அதுக்கு என்ன செய்யலாம்?”

வாப்பா இப்படிக் கேட்டதும், திரைச்சீலைக்குப் பின்னால நிண்ட ஜெனூபா சீலை விளிம்ப இறுக்கிப் புடிச்சா. முன்னுக்குக் கதிரையில இரிந்த ஜவாத், வட்டிலப்பக் கோப்பையக் கையில வெச்சிட்டு யோசிச்சாரு.

“அது குளத்துட பிழை இல்ல ஹாஜியார். நிறைஞ்சிட்டெண்டு பிழையாத் தகவல் போகுது. கதவு அவசரப்பட்டுத் துறக்குது.”

“அல்லாஹ்வே, இந்த மனிசன் மெய்யச் சொல்லித் துலைக்கப்போறாரு” எண்டு பக்கத்துல நிண்ட மூத்தவ, ராத்தா நஸ்லின், ஜெனூபாட தோளக் கிள்ளினா.

ஜவாத் மருதமுனை ஆள். ராத்தா கொழும்புல படிக்கக்குள்ள விரும்பின மாப்பிள்ள. அங்க மருத்துவ ஆராய்ச்சி செய்றாரு. என்ன ஆராய்ச்சியெண்டா, மூத்திரம் அடக்க ஏலாமப் போறதும், ஆம்பிளையளுக்குக் குடும்ப விசயத்துல வாற கோளாறும். இந்த நிந்தவூர்ல இத வாயால சொல்லிக் கலியாணம் பேச ஏலுமா?

அதுவும் வாப்பா மீராமுகைதீன் ஹாஜியாருக்கிட்ட! போன வருசம் ஒரு மாட்டு டொக்டரப் பேசி வந்தப்ப, “மாட்டுட பின்னால வெக்கிற கையாலயா என்ட வீட்டுல சோறு தின்னப்போறான்?” எண்டு வாசலடியிலயே திருப்பி அனுப்பின மனிசன். இதுவும் குழம்பினா ராத்தாவ அட்டாளைச்சேனை அரிசி ஆலைக்காரனுக்குத்தான் குடுப்பாரு. அவன் சிரிச்சா ஆலை ஓடுற மாதிரி இரிக்கும்.

அதனாலதான் போன கிழம வாப்பா “பொடியன் என்னத்துல ஆராய்ச்சி?” எண்டு கேட்டு ராத்தா முழிக்கக்குள்ள, பதினேழு வயசு ஜெனூபா குறுக்க பாய்ஞ்சா.

“தண்ணி வாப்பா. தண்ணி எப்படித் தேங்குது, எப்படி வெளியாகுது எண்டு பாக்கிற.”

பொய்யும் இல்ல. ஆனா குர்ஆன்ல கைவெச்சிச் சொல்லவும் ஏலா. ஜவாத்துக்கும் ராத்தா சொல்லிவெச்சிட்டா. “நான் பொய் சொல்லமாட்டன், கேக்கிறத்துக்கு மட்டும் பதில் சொல்றன்” எண்டாராம். நேர்மையான மாப்பிள்ளையால வாற கரைச்சல் இது.

முன்னுக்கு விசாரண நடந்திட்டே இரிந்திச்சி.

“ராவையில மூணு நாலு தரம் எழும்பிப் போக வேண்டிக் கிடக்கு தம்பி. போனா, வாய்க்கால்ல சொட்டுச் சொட்டாத்தான் வருது.”

“வயசுபோன குளமெண்டா, வாய்க்காலச் சுத்தி வீக்கம் வாறதுதான் ஹாஜியார்.”

“வீக்கமா?”

ஜெனூபா கண்ண இறுக்கி மூடினா.

“ஓம். வீக்கம்” எண்டு ஜவாத் அடிச்சிச் சொன்னாரு.

வாப்பா தாடியத் தடவினாரு. “நீங்க வாய்க்கால் மட்டுமா? வெள்ளாமையும் பாக்கிறீங்களா?”

“ரெண்டும் ஒரே காணிக்குள்ளதானே. ஒண்டு பழுதானா மத்ததும் படுத்திரும்.”

வாப்பா நீளமாப் பெருமூச்சொண்டு விட்டாரு.

குசினியிலிரிந்து வந்த உம்மா முணுமுணுத்தா. “இவருக்கென்ன பைத்தியமா? நம்மட காணி மானாவாரிதானே? வானத்தப் பாத்து விதைக்கிற காணிக்கு என்ன குளம், என்ன வாய்க்கால்?”

ஜெனூபாக்கு அப்பதான் விளங்கிச்சி. வாப்பாக்கு எல்லாம் தெரியும்! ஆரோ சொல்லிக் குடுத்திட்டாங்க. மனிசன் ஒண்டும் தெரியாத மாதிரி மாப்பிள்ளய வெச்சி விளையாடுறாரு. விளையாடி முடிய அவருட கழுத்துல கை வெப்பாரு. மறுகா இவளுட கழுத்துல.

“தம்பி, எழும்புங்க. இத இஞ்ச வெச்சிக் கதைக்க ஏலா.”

வாப்பாட முகம் கறுத்துக் கிடந்திச்சி. ஜவாத்துட மணிக்கட்டப் புடிச்சி, பின் வளவுக்கு இழுத்திட்டுப் போனாரு. கோப்பை உருண்டு நிலத்துல விழுந்திச்சி.

நஸ்லின் அழத் துவங்கிட்டா. “உன்ட வாயாலதான் எல்லாம்!”

“நான் போய் வாப்பாட காலுல விழுறன் ராத்தா” எண்டு ஜெனூபா குசினிக்குள்ளால ஓடினா. பின் வாசல் வரைக்கும் போனவ, நிலையப் புடிச்சிட்டு எட்டிப் பாத்தா.

தென்னைக்கு அங்கால வாப்பா நாலு பக்கமும் திரும்பிப் பாத்தாரு. ஜவாத்துட காதுக்குள்ள என்னமோ சொன்னாரு. சொல்லிட்டு, பாடமாக்காம வந்த புள்ள மாதிரி தலையக் குனிஞ்சிட்டு நிண்டாரு.

ஜவாத் அவருட முதுகுல மெல்லத் தட்டினாரு.

“முதல்ல, படுக்கப் போற நேரம் பிளேன்டி குடிக்கிறத்த நிப்பாட்டுங்க, மாமா.”