அவசரத் தொடர்பு

மருத்துவமனையின் ஆன்லைன் சேர்க்கைப் படிவத்துக்கு எந்த யுஐ லைப்ரரி என்று இன்றைக்குள் முடிவாக வேண்டும். பெட்டியும் பொத்தானும் ரெடிமேடாகத் தரும் மூன்று லைப்ரரிகளில் ஒரே படிவத்தைச் செய்து வைத்திருந்தாள் ஜெசிந்தா. சோதிக்கும்போது மற்றவர்கள் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டுவார்கள். அவள் தன் பெயரையே போடுவாள். ‘அவசரத்துக்கு யாரை அழைக்க?’ என்ற பெட்டியை மட்டும் விட்டுவிடுவாள். முதல் இரண்டும் பேசாமல் ஏற்றுக்கொண்டன. மூன்றாவது, அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நகர மறுத்தது.

“மூணாவது வேணாம்,” என்றாள் வீடியோ காலில்.

“ஏங்க? அதுதானே பாக்க நல்லாருக்கு,” என்றான் கூட வேலை பார்க்கும் முபாரக்.

“காலியா விட மாட்டேங்குது.”

“ஒரு வரி மாத்தினா விட்டுரும். ஆனா அதைப் போய் யாருங்க காலியா விடப் போறா?”

அவள் மைக்கை அணைத்தாள். சிவப்புப் பெட்டிக்குள் தன் எண்ணையே அடித்துச் ‘சேமி’யை அழுத்தினாள். கோடு மறைந்தது. மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. படிவம் அனுப்பிய செய்தி.

‘ஜெசிந்தா உங்களைத் தன் அவசரத் தொடர்பாகச் சேர்த்திருக்கிறார். சம்மதமா?’

கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன.